கடல் தாண்டி வந்த முத்திரை

நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் நடுவே ஓர் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பர், சென்ற மாதம் என் கையில் ஒரு கற்றைக் காகிதத்தைக் கொடுத்தார். அமெரிக்காவிலுள்ள மாப்பிள்ளை அங்கே விவாகரத்து வாங்கி, தீர்ப்பின் நகலைத் தபாலில் அனுப்பியிருக்கிறான். பெண் இங்கே அப்பன் வீட்டில். வழக்கு நடந்ததே தீர்ப்பைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, கோர்ட்டு முத்திரை போட்டிருக்குதுங்களே!" என்றார்.

அந்த முத்திரையைக் கண்டு அவர் நடுங்கிய நடுக்கம் இருக்கிறதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. நம் நாட்டுச் சட்டம் அப்படி நடுங்கவில்லை, ஐயா! அதிகாரமில்லாத கோர்ட்டின் தீர்ப்பு, இயற்கை நீதிக்கு மாறான தீர்ப்பு, மோசடியாகப் பெற்ற தீர்ப்பு, இவையெல்லாம் இங்கே கட்டுப்படுத்தாது என்று 1908-ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. நரசிம்மராவ் வழக்கு என்று ஒன்று உண்டு. 1975-இல் திருப்பதியில் கல்யாணம் செய்துகொண்டவர், மிசூரி மாகாணத்தில் தொண்ணூறு நாள் வாசம் என்று சொல்லி அங்கே விவாகரத்து வாங்கினார். 1991-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்க மறுத்துவிட்டது. அந்நாட்டிலுள்ள நம் அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லாத போட்டோ நகலைச் சாட்சியமாகக் கொள்ளவும் முடியாது என்றது. என் நண்பரிடம் இருந்ததும் வெறும் போட்டோ நகல்தான். நம் தூதரகத்தார் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் சட்டம் ஏற்காததைப் பங்காளிகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! "விட்டது சனியன், வேறிடம் பாருங்கள்" என்கிறார்கள். பார்க்கலாம், பிறகு? அவன் அங்கே தாராளமாக மறுமணம் செய்துகொள்வான். இவள் இங்கே செய்துகொண்டால், முதல் கல்யாணம் இன்னும் நிற்கிறது என்று எவனாவது கிளம்பினால், குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவள் இவள்தானே? அன்றைக்கு இந்தப் பங்காளிகள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களோ!

கற்றையின் அடியில் ஒரு கடிதமும் இருந்தது. இன்ன தொகை தருகிறேன், தீர்ப்புக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பு என்று. சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. மனைவி மனமொப்பிச் சம்மதித்தால் அயல்நாட்டுத் தீர்ப்பை ஏற்கலாம் என்று அந்த 1991 தீர்ப்பே விதிவிலக்கு வைத்திருக்கிறது. செத்த காகிதத்துக்கு உயிர் கொடுக்க இவள் பேனாதான் வேண்டியிருக்கிறது. 'மானம் போகிறதே, போட்டுவிடம்மா' என்று அவசரப்படுத்துகிற பெரியவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அவளுக்கு விடுதலை வேண்டுமென்றால் அவளே கேட்கட்டுமே! 2003-இல் திருத்திய இந்துத் திருமணச் சட்டத்தின்படி, மனைவி தான் குடியிருக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். கைவிட்டுப் போனதைக் காரணம் காட்டலாம், ஜீவனாம்சமும் கேட்கலாம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது, நண்பர் மறுபடியும் முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போடலீங்க மாமா. நாமக்கல் வக்கீலை என்னைக்குப் பாக்கலாமுங்க?" என்றாள்.