மனநலப் பேச்சு கிராம சபைக்கு வரட்டும்

ஆண்டுதோறும் அக்டோபர் 10 உலக மனநல நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதும், அதையொட்டிக் கல்லூரிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் உரைகளும் பேரணிகளும் நடைபெறுவதும் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டன. தேர்வு அச்சம், பணிச்சுமை, மனச்சோர்வு ஆகியவற்றைப் பற்றி இளைஞர்கள் கூச்சமின்றிப் பேசத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும், இப்பேச்சு சொல்வதற்கு எளிதான துன்பங்களோடு நின்றுவிடுகிறது. இல்லாத குரல்கள் காதில் ஒலிப்பதும் ஆதாரமற்ற ஐயங்கள் அசைக்க முடியாத நம்பிக்கைகளாக இறுகுவதுமாகிய மனச்சிதைவு நோயும், கட்டுக்கடங்காத எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயும் இன்னமும் வீட்டின் பின்கட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. அவற்றைப் பேசுவதற்குரிய இடம், மருந்து உண்டா, வேலை உண்டா என்று அதிகாரிகளைக் கேட்க மக்களுக்கு உரிமையுள்ள கிராம சபையே அன்றி விழா மேடை அன்று.

இந்நோய்கள் இப்படி மறைக்கப்படுவதற்கான காரணத்தை ஏர்வாடியில் காணலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி இயங்கிவந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் நாளிதழ்ச் செய்தியைக் கொண்டு தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. அன்று எழுந்த விவாதம் மூடநம்பிக்கையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அது பாதி உண்மை மட்டுமே. மத வேறுபாடின்றித் தொலைதூரங்களிலிருந்து நோயாளிகள் அங்கே கொண்டுவரப்பட்டதற்குச் செய்வினை, பில்லி சூனியம் பற்றிய அச்சம் ஒரு காரணம் என்றால், சொந்த ஊருக்கு அருகில் மருத்துவம் கிடைக்காமையும், அக்கம்பக்கத்தார் கண்ணில் படாத தொலைவில் நோயாளியை விட்டுவர முடிந்ததும் அதற்குக் குறையாத காரணங்களாக இருந்தன. இந்த வீட்டில் பெண் எடுக்கலாமா, கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்துவிடும் என்று அஞ்சிய குடும்பங்கள், நோயை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மறைத்து, மறைக்க இயலாதபோது நோயாளியையே மறைத்தன. நோயின் பெயரால் ஒரு மனிதரையும் அவரைச் சார்ந்தோரையும் தாழ்வாக மதித்து விலக்கிவைக்கும் இந்தப் போக்கே சமூகக் களங்கம் எனப்படுவது. சங்கிலியைப் பூட்டியவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். குடும்பங்களை அந்த வாசல்வரை துரத்திய களங்கம் விசாரிக்கப்படவில்லை.

மருத்துவத்தைக் குடும்பங்களுக்கு அருகில் கொண்டுசெல்லும் எண்ணம் அரசுக்கு இல்லாமல் இல்லை. 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் திருச்சி உட்பட நாட்டின் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. ஆயினும், தமிழ்நாட்டையும் உள்ளடக்கிப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகவும், சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் விகிதமாகிய சிகிச்சை இடைவெளி பெரும்பாலான குறைபாடுகளில் 70 விழுக்காட்டைத் தாண்டுவதாகவும் கண்டறிந்தது. பேசுங்கள், உதவி கேளுங்கள் என்று பத்துப் பேரை அழைத்துவிட்டு, அவர்களில் ஏழு பேருக்கு மருத்துவம் எட்டாத நிலையில் வைத்திருப்பது விழிப்புணர்வாகாது. 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை பயனுள்ளதே. ஆனால் ஆறுதல் சொல்லும் தொலைபேசியால் மாதந்தோறும் மாத்திரை வழங்க இயலாது.

வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்வோரை ஏளனம் செய்வதால் களங்கம் குறைவதில்லை. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையால் மக்கள் தங்கிவந்த தமிழகக் கிராமக் கோயில் ஒன்றில் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 31 பேரைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. அங்கே தனிச் சடங்கு எதுவும் செய்யப்படவில்லை. குடும்பத்தாருடன் தங்கி, கோயிலில் சிறு வேலைகளைச் செய்துகொண்டு, எவராலும் ஒதுக்கப்படாமல் சில வாரங்கள் வாழ்ந்தவர்களின் நோய்த் தீவிர அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், மருந்து வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாக்குவது பிழை. ஆயினும், ஒதுக்காத சூழலே ஒருவகை மருத்துவமாக அமைகிறது என்பதை இது உணர்த்துகிறது. ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் பிரார்த்தனையையும் மனநல மருத்துவத்தையும் அருகருகே வைத்த ‘தவா-துவா’ திட்டத்தை அரசு தொடங்கியது, இந்த உண்மையைக் காலந்தாழ்ந்தேனும் ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

மீட்சி என்பது அறிகுறிகள் அனைத்தும் அடியோடு மறைவதைக் குறிக்கும் சொல் அன்று. நோயின் சில எச்சங்களோடும் மருந்தோடும்கூட வேலை, வீடு, உறவு ஆகியவற்றைத் திரும்பப் பெற்று வாழ்வதையே அது குறிக்கிறது. சென்னையில் 1984இல் டாக்டர் எம். சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வை மருத்துவத்தோடு இணைத்தது. 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பான்யன்’ அமைப்பு, நெடுங்காலம் விடுதிகளில் அடைந்துகிடந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தியது. மனநோயாளி அடுத்த வீட்டுக்காரராகி, கடையில் காய்கறி வாங்குபவராகத் தெருவுக்குப் பழக்கப்படும்போது அச்சம் தளர்வதுபோல் எந்தச் சுவரொட்டியாலும் தளர்வதில்லை.

சட்டமும் இவ்விஷயத்தில் தன்னைத் தானே மறுக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்து, உடல்நோய்க்கு நிகரான காப்பீட்டையும் உறுதியளிக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமோ மனநோயை, மனச்சிதைவைப் பெயர் சொல்லியே, மணமுறிவுக்குரிய காரணங்களில் வைத்திருக்கிறது. நோய் இருப்பது மட்டும் போதாது, சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு அது தீவிரமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே தெளிவுபடுத்தியபோதும், இப்பிரிவின் நிழலில் குடும்பங்கள் நோயை மறைப்பது தொடர்கிறது. தொழுநோயை அந்தப் பட்டியலிலிருந்து 2019இல் நீக்கிய நாடாளுமன்றம், இப்பிரிவையும் மறுபரிசீலனை செய்வதே முறை.

கிராம சபையில் பேசினால் ஊரார் வாய்க்கு அவலாகிவிடாதா என்ற எதிர்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆகவே, எந்த நோயாளியின் பெயரும் நோயும் அங்கே பேசப்படலாகாது. பேசப்பட வேண்டியவை சேவைகள் மட்டுமே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மாத்திரைகள் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை நாள் இருப்பில் இல்லை, மனநல மருத்துவர் குறித்த நாளில் வந்தாரா, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உள்ளடக்கியிருக்கையில் அதற்குரிய சான்றிதழ் பெற மக்கள் எத்தனை முறை அலைய வேண்டியிருந்தது, ஊரக வேலைத் திட்டத்தில் மனநோயாளிகளுக்கு இடம் தரப்பட்டதா ஆகிய கேள்விகளுக்கு அதிகாரிகள் கணக்கோடு விடை சொல்ல வேண்டும். அவற்றை எழுப்பும் பொறுப்பு, நோயிலிருந்து மீண்டவர்களில் தாமாக முன்வருவோருக்கே முதலில் தரப்பட வேண்டும். கிராம சபைகளுக்கான பேசுபொருள் பட்டியலை மாநில அரசே ஊராட்சிகளுக்கு அனுப்பிவருகிறது. உலக மனநல நாளுக்கு எட்டு நாள் முன்னதாக, அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபைகளின் பட்டியலில் இக்கேள்விகளைச் சேர்க்க ஓர் அரசாணை போதும். புதிய சட்டமோ தனி நிதியோ அதற்குத் தேவையில்லை.