பெட்டியில் மட்டும் எரியும் விளக்கு

ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவருடைய பிள்ளைகள் இருவர் அடுத்த ஆடி விடுமுறைக்குத் திருகோணமலை வருகிறார்கள். நிலாவெளியில் குளித்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் வழக்கமான பயணமல்ல; கூடாரமும் முதுகுப்பையுமாகக் காட்டோரத்தில் நடந்து இரண்டு மூன்று இரவுகள் தங்கும் எண்ணமாம். 'ஒரு கிலோமீற்றர் தூரம் அடிக்கும் டோர்ச் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டியில் ஒரு லட்சம் லூமன் என்று போட்டிருக்கிறது. வாங்கி அனுப்பலாமா?' என்று கேட்டிருந்தார்.

வேண்டாம் என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே பெட்டியைத் தம்பலகாமத்தில் வயல் காவலுக்குப் போகும் ஒருவரின் கையிலும் பார்த்திருக்கிறேன். கனடாவில் இருப்பவருக்கு அது பொழுதுபோக்குச் செலவு. தம்பலகாமத்தாருக்கு அது உயிர் காக்கும் கருவி. இருவரிடமும் ஒரே பொய் விற்கப்படுகிறது. ஆகவே சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஒரு லட்சத்தைப் பார்ப்போம். ஒரு மோட்டார்க் காரின் சாதாரண ஹலோஜன் முன்விளக்கு, தாழ்ந்த ஒளியில், ஆயிரம் லூமன் அளவில்தான் தரும். அப்படியானால் கைக்குள் அடங்கும் இந்த டோர்ச் நூறு முன்விளக்குகளுக்குச் சமம்! நல்ல எல்.ஈ.டி. ஒன்று ஒரு வாற்று மின்சாரத்துக்கு 150 லூமன் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் லூமனுக்கு 650 வாற்றுக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் ஒற்றை லித்தியம் பற்றறியின் மொத்தக் கொள்ளளவு பன்னிரண்டு பதின்மூன்று வாற்று-மணி. அத்தனை மின்சாரத்தையும் அது ஒரே மூச்சில் தரக்கூடியது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவ்வளவு வேகமாகத் தரவும் அதனால் முடியாது. இது பெரிய விஞ்ஞானமல்ல, சாதாரண தரம் படிக்கும் மாணவன் செய்யக்கூடிய வகுத்தல் கணக்கு.

பற்றறியின் மேலும் ஒரு பொய் அச்சாகியிருக்கும். 18650 என்பது அந்தப் பற்றறியின் அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். இந்த அளவில் நல்ல நிறுவனங்கள் செய்வது ஏறத்தாழ 3,500 மில்லியம்பியர்-மணி வரைதான். நடைபாதைக் கடையில் 9,900 என்று அச்சிட்ட பற்றறி கிடைக்கிறது என்றால், அந்த எண்ணைத் தந்தது அச்சகமே அன்றி ஆய்வுகூடமல்ல.

நேர்மையான அளவுகோல் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 2009 இல் எஃப்.எல்.1 என்ற நியமம் வந்தது. நல்ல உற்பத்தியாளர்கள் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அதையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒளியின் அளவு, டோர்ச்சை ஏற்றிய அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் எடுக்கப்படுவது. அதன் பிறகு சூடேறி ஒளி தானாகவே குறைந்தால் அந்த எண் அதைச் சொல்லாது. எரியும் நேரம் என்பது தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம். ஆயிரம் லூமன், ஐந்து மணிநேரம் என்று போட்டிருந்தால் ஐந்து மணிநேரமும் ஆயிரம் என்று பொருளல்ல. பாயும் தூரம் என்பது ஒளி 0.25 லக்ஸ் ஆகக் குறையும் தூரம், அதாவது ஏறத்தாழ முழுநிலவின் ஒளி. ஆகவே 'ஒரு கிலோமீற்றர்' என்பது உண்மையாகவே இருந்தாலும், ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு பற்றையின் மேல் நிலவொளி அளவு வெளிச்சம் விழுகிறது என்பதே அதன் பொருள். அங்கே நிற்பது மாடா மரமா என்று உங்கள் கண்ணால் சொல்ல இயலாது.

அந்தத் தூரத்துக்காக நீங்கள் கொடுக்கும் விலை என்ன? ஒளியை ஊசி போலக் கூராக்கினால்தான் அது தூரம் போகும். ஆறு பாகை அகலமுள்ள ஒளிக்கற்றை மூன்று மீற்றர் தூரத்தில் ஓர் அடி அகல வட்டத்தை மட்டுமே காட்டும். தொண்ணூறு பாகைக்கு ஒளியைப் பரப்பும் டோர்ச் அதே தூரத்தில் ஆறு மீற்றர் அகலத்தைக் காட்டும். சம்பூருக்கு அப்பால் ஃபவுல் முனையில் வெள்ளைக்காரர் ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பினார்கள். நடுக்கடலில் வரும் கப்பலுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுப்பப்பட்டது அது. அதன் அடிவாரத்தில் நடப்பவன் எந்தக் கல்லில் கால் வைக்கிறான் என்பது அதன் கவலையல்ல. நம்மவர்களோ காட்டுப் பாதையில் நடப்பதற்குக் கலங்கரை விளக்கத்தைக் கேட்கிறார்கள்.

திருகோணமலையின் இரவு கேட்பது வேறு. துறைமுகத்தைச் சூழ்ந்த மேடுகளை விட்டு உள்ளே போனால் பற்றைக்காடு, குளக்கட்டு, வயல், மீண்டும் பற்றைக்காடு. வெளியாகத் தெரியும் தூரம் சில பத்து மீற்றர்தான். ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி விரியன், எங்கள் வழக்கில் புடையன், காய்ந்த சருகின் நிறத்திலேயே சருகுக்குள் கிடக்கும். பாதையின் நடுவில் விழும் ஓர் அடி வட்டத்துக்கு வெளியே கிடந்தால் நீங்கள் அதைக் காணமாட்டீர்கள். நீலம் பாரித்த வெள்ளொளியில் சருகும் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சற்று மஞ்சள் கலந்த ஒளி, அதாவது 4,000 முதல் 5,000 கெல்வின் வரையானது, பழுப்பையும் மண்ணிறத்தையும் பிரித்துக் காட்டும். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்றோ அதற்கு மேலாகவோ இருந்தால் இன்னும் நல்லது. இரவில் நடக்கும்போது விளக்கும் பாதணியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பாம்புக்கடி வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. வெளிச்சம் காலடிக்கு வேண்டும்.

யானையும் அப்படித்தான். 2019 முதல் 2024 வரை எந்த ஓராண்டிலும் இலங்கையில் யானையால் இறந்த மனிதர் தொகை நூறுக்குக் குறையவில்லை. இறந்த யானைகளின் தொகை முந்நூறுக்குக் குறையவில்லை. கந்தளாயும் மொரவெவவும் சேருவிலவும் மூதூரும் இந்தக் கணக்குக்குள் அடங்கிய இடங்களே. பற்றையோரம் அசையாமல் நிற்கும் சாம்பல் நிற உடலை ஊசி ஒளி தாண்டிப் போய்விடும். பரந்த ஒளி அதன் பருமனைக் காட்டும், நீங்கள் ஓசையின்றிப் பின்வாங்கலாம். யானையின் கண்ணுக்கு நேரே டோர்ச் அடித்து வீரம் காட்டுவதும், விட்டுவிட்டு மின்னும் ஒளியை அதன் மேல் பாய்ச்சுவதும் வெறும் மடமை.

'தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டும். குழுவில் ஒருவரிடம் ஒளி பாய்ச்சும் டோர்ச் இருக்கட்டும். தொலைந்தவரைத் தேடவும், குளத்தின் மறுகரையைப் பார்க்கவும் அது உதவும். மற்றவர் எல்லாரிடமும் ஒளி பரப்பும் டோர்ச் இருக்க வேண்டும். நடைக்கு 300 முதல் 500 லூமன் தாராளம். கூடாரத்துக்குள் ஐந்து, பத்து லூமன் போதும். அந்தக் குறைந்த நிலை இல்லாத டோர்ச்சை வாங்காதீர்கள். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு ஏறத்தாழ அரை மணிநேரம் பிடிக்கும். ஒரு நொடிப் பேரொளி அந்த அரை மணிநேரத்தையும் அழித்துவிடும்.

அழிவது உங்கள் கண்ணின் பழக்கம் மட்டுமல்ல. கொட்டியாரக் குடாவில் இரவில் வள்ளம் செலுத்துபவரின் முகத்தில் கரையிலிருந்து டோர்ச் அடித்தால் அவர் சில நிமிடங்கள் குருடராகிறார். முட்டையிட்டுப் பொரிந்த ஆமைக்குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பிப் போகும். கரையில் உங்கள் வெளிச்சம் இருந்தால் அவை உங்களை நோக்கி வரும், கடலுக்குப் போகமாட்டா. இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த மாவட்டத்தில் ஒரு தலைமுறை முழுவதும் முகத்தில் டோர்ச் அடித்துப் பெயர் கேட்கப்பட்டு வளர்ந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் டோர்ச் பற்றறியும் ஒன்று; யாழ்ப்பாணத்தார் ஜாம் போத்தலில் திரியிட்டு இரவைக் கழித்தார்கள். வெளிச்சத்தை யார் வைத்திருக்கலாம், யார்மேல் அடிக்கலாம் என்பது இங்கே அதிகாரத்தின் கேள்வியாக இருந்தது. அதை அறியாத பிள்ளைகள் விளையாட்டாக ஒரு கிராமத்து முற்றத்தின் மேல் பேரொளி பாய்ச்சுவது நாகரிகமல்ல. துறைமுகத்தைச் சுற்றிய இடங்களில் கடற்படையும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

இனி வயல் காவல்காரரின் பக்கம் வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் இரண்டாவது டோர்ச் இருக்கும், கைத்தொலைபேசி இருக்கும். ஒரு லட்சம் லூமன் பத்து நிமிடத்தில் மங்கினால் அவருக்கு அது சிரித்துச் சொல்லும் கதை. யானைக் காவலுக்குப் பரணில் இருப்பவருக்கு அப்படியல்ல. முன்பு அவர் கையில் இருந்த ஐந்து பற்றறி டோர்ச் மஞ்சளாக எரிந்தது, பாரமாக இருந்தது. ஆனால் அது மெல்ல மங்கி முன்கூட்டியே எச்சரித்தது, மூலைக்கடையில் பற்றறியும் கிடைத்தது. இப்போது வாங்குவது எச்சரிக்காமல் அணைகிறது. மாற்றுப் பற்றறி அவர் ஊரில் கிடைப்பதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. ஒரு லட்சம் லூமன் என்று அச்சிட்ட பெட்டி அந்தத் தடைக்குள் வராவிட்டால் வேறு எதுதான் வரும்? அரிசி விலையைப் பார்க்கும் கண் இந்தப் பெட்டியையும் பார்க்கவேண்டும். இறக்குமதியாகும் டோர்ச்சில் எந்த நியமப்படி அளந்தது என்று அச்சிட வேண்டும் என்ற ஒரே ஒரு விதி போதும், பாதிப் பொய் துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

அதுவரை, கடைக்குப் போனால் பெட்டியை வாசிக்காதீர்கள். டோர்ச்சை ஏற்றி, இரண்டு மீற்றர் தள்ளி நின்று சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கண்கூசும் பொட்டும் சுற்றிலும் இருட்டுமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சுவர் முழுவதும் சீராகப் பரவினால் உங்கள் கையை ஒளியில் பிடித்துப் பாருங்கள். தோல் தோலின் நிறத்தில் தெரிய வேண்டும். பத்து நிமிடம் எரியவிட்டு, ஒளி எவ்வளவு குறைகிறது என்று கவனியுங்கள். பற்றறியைக் கழற்றி மாற்ற முடிகிறதா, அந்த அளவு பற்றறி நீங்கள் போகும் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். சாதாரண ஏ.ஏ. பற்றறியில் எரிவதென்றால் மூதூரிலும் கிடைக்கும், கிண்ணியாவிலும் கிடைக்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்று இருந்தால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணிநேரம் தாங்கும். விமானத்தில் வருபவர்கள் உதிரி லித்தியம் பற்றறிகளைக் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும், பொதிக்குள் போடக்கூடாது.

ரொறன்ரோ நண்பரே, மிச்சப்படும் பணத்தில் பிள்ளைகளுக்குக் கணுக்கால் மூடும் நல்ல பாதணி வாங்கிக் கொடுங்கள்.