வேலைத்தலத்தில் பொறுமையும் தன்மானமும்

அண்மையில் எம்மவர் ஒருவர் மனம் நொந்து எம்மிடம் பேசினார். சுவிற்சர்லாந்தின் நகரொன்றில், உணவகமொன்றின் சமையற்கூடத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அந்த வேலைக்காக அவர் காத்திருந்த காலமோ ஓராண்டுக்கும் மேல். வேலை கடினமென்று அவர் குறைகூறவில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்யும் மனிதரைத்தான் தாங்க முடியவில்லை என்றார். அம்மனிதர் போர்த்துக்கல்லிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாகச் சமையற்கூடங்களில் உழைப்பவர். காலை வணக்கம் சொன்னால் பதில் வராது. கழுவி அடுக்கிய தட்டுகளை மீண்டும் தொட்டிக்குள் தள்ளிவிடுவார். ஒரு சொல் விளங்காமல் விழித்தால் மற்றவர் முன்னிலையில் ஏளனமாகச் சிரிப்பார். “நாளைக்கே வேலையை விடட்டோ, இல்லாட்டி ஒரு நாளைக்கு நல்லாக் குடுத்துப்போட்டு வரட்டோ?” என்று எம்மவர் கேட்டார்.

இரண்டும் வேண்டாம் என்பதே எமது பதில். ஆயினும் “பொறுத்துக்கொள்” என்ற ஒரு சொல்லோடு இதனை முடித்துவிட நாம் விரும்பவில்லை. பொறுமை வேறு; குனிந்து கிடத்தல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதபோது வேலைத்தலத்துத் துன்பம் இரட்டிப்பாகின்றது.

முதலில் எதிரே நிற்கும் மனிதர் யாரென்று பார்ப்போம். 1970 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆம் திகதி இந்நாட்டிலே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வெளிநாட்டவரின் தொகையைப் பத்து விழுக்காட்டுக்குள் அடக்க வேண்டுமென்று யேம்ஸ் சுவார்சன்பாக் என்ற அரசியல்வாதி முன்வைத்த கோரிக்கை அது. நிறைவேறியிருந்தால் இலட்சக்கணக்கானோர் வெளியேற நேர்ந்திருக்கும். 54 விழுக்காட்டினர் எதிர்த்தமையால் அது தோற்றது; 46 விழுக்காட்டினரோ ஆதரித்தனர். அன்று வெறுப்புக்கு இலக்கானவர்கள் பெரும்பாலும் இத்தாலியர். அவர்களுக்குப் பின்னால் போர்த்துக்கேயரும் யூகோஸ்லாவியரும் வந்தனர். இவர்களிற் பலர் பருவகாலத் தொழிலாளர். ஆண்டில் ஒன்பது மாதங்களே தங்கலாம், குடும்பத்தை அழைத்துவர முடியாது. பிள்ளையைப் பிரிய மனமின்றி இரகசியமாகக் கூட்டிவந்து, அயலவர் காதில் அழுகுரல் விழாதபடி அறைக்குள் மறைத்து வளர்த்த பெற்றோரும் இருந்தனர். அந்த ஏற்பாடு 2002 இலேயே முடிவுக்கு வந்தது. எம்மவரைப் பார்த்துச் சிரிக்கும் மனிதரும் அக்காலத்தில் வந்தவரே. அவரை நோக்கியும் எவரோ அன்று சிரித்திருப்பர்.

அவருக்கு ஓர் அச்சமும் உண்டு. வயது ஏறுகின்றது, முழங்கால் நோகின்றது. இளமையும் உழைக்கும் வேகமும் கொண்ட ஒருவர் வந்து நின்றால், அடுத்த பருவத்திலே தமது மணித்தியாலங்கள் குறைக்கப்படுமோ என்று அவர் எண்ணக்கூடும். இதனைச் சொல்வது அவரது செயலை நியாயப்படுத்துவதற்காக அன்று. ஏளனம் எம் நிறத்தைப் பற்றியதென்றே எண்ணி இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு, அதன் வேர் வேறிடத்திலும் இருக்கலாமென்று தெரிந்தால் உறக்கம் வரும்.

இனி நாம் செய்யக்கூடியவை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நாள்தோறும் வணக்கம் சொல்வோம். அது அவருக்கான மரியாதை மாத்திரமன்று, எமக்கான மரியாதையும் ஆகும். அவர் அறிந்த ஒன்றை அவரிடமே கேட்டுப் பழகுவோம். முப்பது ஆண்டுகள் நின்றவருக்கு எந்தச் சட்டி முதலில் தேவைப்படும், எந்த வேளையில் நெருக்கடி வரும் என்பது தெரியும். நாம் ஊரிலே சமையலறையைக் ‘குசினி’ என்போம். அந்தச் சொல் போர்த்துக்கேயர் எமது மண்ணில் விட்டுச்சென்றது. அவரும் தமது மொழியில் ஏறத்தாழ அவ்வாறே சொல்கின்றார். சில வேளைகளில் இப்படியான ஒரு சொல்லே பேச்சைத் தொடங்கப் போதும்.

கையை ஓங்குவது குறித்துத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். வேலையின் தொடக்கத்தில் மூன்று மாதங்கள் வரை பரீட்சார்த்த காலமாக இருக்கலாம். அக்காலத்தில் வேலைநீக்கம் எளிது. அதனினும் மேலாக, தற்காலிக அனுமதியுடன் இருப்பவர் ஐந்து ஆண்டுகளின் பின் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அவரது தொழிலும் நடத்தையும் பார்க்கப்படும். ஒரு கணத்துக் கோபம் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுக் காத்திருப்பை அழித்துவிடலாம்.

ஆனால் பொறுமைக்கு எல்லை உண்டு. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துதல், தள்ளுதல், அடித்தல், எமது பெண்களிடம் தகாத முறையில் நடத்தல் ஆகியவற்றை ஒருநாளேனும் பொறுக்க வேண்டியதில்லை. பணியாளரின் ஆளுமையையும் உடல்நலத்தையும் காப்பது முதலாளியின் கடமையென இந்நாட்டின் கடப்பாட்டுச் சட்டத்தின் 328 ஆம் பிரிவு கூறுகின்றது. நடந்தது என்ன, எந்நாள், எந்நேரம், யார் கண்டார் என்பவற்றைச் சிறு கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். பின்னர் மொழி தெரிந்த ஒருவரோடு பொறுப்பாளரிடம் செல்லுங்கள். அவர் கேளாவிடின் தொழிற்சங்கத்தை நாடுங்கள். வேலை செய்த மணித்தியாலங்களையும் அதே கொப்பியில் குறியுங்கள். உணவகத் தொழிலுக்கான கூட்டு ஒப்பந்தத்தின்படி வழமையான வேலை வாரத்துக்கு 42 மணித்தியாலங்கள். விடுமுறை ஆண்டுக்கு ஐந்து வாரங்கள். முதலாளி நேரக்கணக்கு வைக்காதபோது, பணியாளர் தாமே எழுதிய கணக்கு பிணக்கின்போது சான்றாக ஏற்கப்படும். அமைதியாக இருப்பவர் அறியாதவராகவும் இருக்க வேண்டுமென்பதில்லை.

இறுதியாக, சற்றுக் கசப்பான ஒன்று. எம்மிடம் முறையிடுவோர் எல்லோரும் அந்நியரைப் பற்றியே முறையிடுவதில்லை. “முன்னுக்கு வந்த எங்கட ஆள்தான் கூட ஆக்கினை” என்று சொல்வோரும் உளர். எண்பதுகளில் வந்து கோப்பை கழுவி, ஏச்சு வாங்கி, மெல்ல மெல்லச் சமையற்காரராக உயர்ந்தவர்கள் எம்மிடையே பலர். அவர்களிற் சிலர் இன்று புதிதாக வரும் தம்பியை, தாம் நடத்தப்பட்டவாறே நடத்துகின்றனர். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் கதைதான் இது. இத்தாலியர் பட்டதைப் போர்த்துக்கேயர் பட்டனர். அவர்கள் பட்டதை நாம் பட்டோம். இன்று எமக்குப் பின்னால் எரித்திரியரும் ஆப்கானியரும் அதே தொட்டியருகில் வந்து நிற்கின்றனர்.

எம்மிடம் வந்த அந்த அன்பர் இன்னும் அதே வேலையில்தான் இருக்கின்றார். பக்கத்து மனிதர் திருந்திவிட்டாரென்று நாம் சொல்லமாட்டோம். ஒருநாள் அன்பரும் அங்கே பழையவராவார். மொழி தெரியாத ஒருவர் அவரருகில் வந்து தயங்கி நிற்பார். அப்போது அவர் சொல்லப்போகும் முதற்சொல் என்ன என்பதே எமது கேள்வி. அந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் எம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.