ஊரின் பெயருக்கும் ஓர் எல்லைக்கல்

மதுவை விலக்கிய சமூகத்தில் பிறந்தவன் திராட்சை மதுவைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் வியக்கலாம். நான் பேசப்போவது போத்தலுக்குள் இருப்பதைப் பற்றியன்று. அதன் மேல் எழுதப்பட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் பற்றி.

போர்த்துக்கலின் தோரோ பள்ளத்தாக்கு மதுவில் ஒருகாலத்தில் நிறத்துக்காக வேறு பழச்சாறு கலந்தனர். பெயர் கெட்டது, விலையும் வீழ்ந்தது. 1756இல் அரசு அப்பிரதேசத்தை வரையறுத்து, பின்னர் கருங்கல் நட்டு எல்லை குறித்தது. பிரான்ஸ் 1935இல் இதை நாடளாவிய சட்டமாக்கியது. எந்த மண், எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல் என்பதெல்லாம் விதிகளாயின.

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை மதுவுக்குத் தனிச் சலுகை அளித்தது. வேற்றூர் மதுவுக்கு ‘ஷாம்பெய்ன் வகை’ என்று எழுதுவதைக்கூட அதன் 23ஆம் உறுப்புரை தடுக்கிறது. ஏனைய பொருள்களுக்கோ, மக்கள் தவறாக வழிநடத்தப்படுகிறார்கள் என்று காட்டினால்தான் காவல். குடிப்பவனின் கிண்ணத்துக்குள்ள பாதுகாப்பு உண்பவனின் சோற்றுக்கோப்பைக்கு இல்லை!

சாகாமத்து வயல்களைப் பார்க்கும்போது இந்த அநீதி உறைக்கிறது. எந்த வட்டையில் எந்த நெல் நன்றாக விளையும் என்பதை நம் விவசாயிகள் அறிவர். ஒவ்வொரு வட்டைக்கும் பெயருண்டு, எல்லையுண்டு, வட்டவிதானையும் உண்டு. புவியியல் வகைப்பாடு நமக்குப் புதிதன்று. ஆனால் நெல் ஆலைக்குப் போனதும் ஊர் மறைந்துவிடுகிறது. சம்பா, நாடு என்ற இனப்பெயரும் ஆலைக்காரரின் அடையாளமுமே மூட்டையில் எஞ்சுகின்றன. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் புகழும் இப்படித்தான் காவலின்றிக் கிடக்கிறது.

வழி இல்லாமலில்லை. 2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. காஞ்சிபுரம் பட்டும் மதுரை மல்லியும் இந்தியாவில் அவ்வுரிமையை ஏற்கெனவே பெற்றவை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. குறியீடு என்பது பட்டமன்று, கட்டுப்பாடு. தோரோவில் கல் நட்டது அயலவனைத் தடுக்க மட்டுமன்று, கலப்படம் செய்த உள்ளூரவனைத் திருத்தவுந்தான். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவரையும், வேற்றூர் நெல்லைக் கலப்பவரையும் நாமே தடுக்கத் துணிந்தால்தான் பெயரைக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

நெசவாளர் சங்கங்களும் விவசாய அமைப்புகளும் முதலில் தமக்கான விதிகளை எழுதட்டும். அரசிடம் மனுக் கொடுப்பது அதற்கடுத்த வேலை.