அறிவு யார் பக்கம்?

ஊருக்குள் வரும் ஆராய்ச்சியாளர் பலர் ஏழையின் சடங்கை எழுதுவார்கள். எசமானின் கணக்கை எழுதமாட்டார்கள். கேத்லீன் கஃப் அம்மையார் அந்த இனத்தைச் சேர்ந்தவரல்லர்!

1925-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கினார். சாதியை மட்டுமா எழுதினார்? நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு என்றும் எழுதினார். 1976-இல் திரும்பி வந்தார். விளைச்சல் கூடியிருந்தது, உழைப்பவன் வறுமை நீங்கவில்லை என்று கண்டார்.

1962-இல் அமெரிக்க மண்ணிலேயே கியூபாவுக்காகப் பேசினார். 1968-இல், மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் வயிற்றில் பிறந்தது என்று தம் துறையையே குற்றக் கூண்டில் ஏற்றினார். 1969-இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக வேலைநிறுத்தத்தில் நின்று வேலையை இழந்தார். 1990-இல் மறைந்தார், கொள்கையை விற்கவில்லை.

தோல் தொழிலாளத் தோழர்களே! 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிய 10 பேர் மாண்டனர். ஏற்றுமதிக் கணக்கு ஆண்டுதோறும் வருகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குபவனின் புண்பட்ட கைக்குக் கணக்கு எங்கே?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுச் சங்கக் கிளைகளுக்கு நாம் சொல்கிறோம்: கூலியை, வேலை நேரத்தை, நோயை நீங்களே எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் முதலாளி கணக்கோடு வருகிறார். நாம் வெறுங்கையோடு போகலாமா?