படர்தாமரையும் அவசர வைத்தியமும்

படர்தாமரையால் யாரும் சாவதில்லை. அதை ஒரேயடியாக ஒழித்துவிடும் அவசரத்தில் செய்த வைத்தியங்கள்தான் ஆளைப் பதம் பார்த்திருக்கின்றன.

இது பூஞ்சையின் வேலை என்று 1840களிலேயே பாரிஸில் டேவிட் குரூபி நுண்ணோக்கி வழியே காட்டிவிட்டார். ஆனால் தலையில் படர்தாமரை வந்த குழந்தைக்கு முடியைப் பிடுங்கி எடுப்பதைவிட நல்ல வழி நெடுங்காலம் இல்லை. 1904இல் அதே நகரத்தின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ரேமோன் சபூரோ, எக்ஸ்ரே கதிரால் முடியை உதிரவைக்கும் முறையை வகுத்தபோது பெற்றோருக்கு அது வரமாகத்தான் பட்டிருக்கும். பிடுங்கும் வலி இல்லை. ஊர் ஊராகப் பரவிய அந்த முறை, இஸ்ரேலில் வந்து குடியேறிய வட ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு யூதக் குழந்தைகள் பல்லாயிரம் பேரின் தலைமேல் 1950களில்கூடப் பாய்ந்தது. அவர்களிடையே மூளைக் கட்டியும் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாக இருப்பதை 1974இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

இத்தனைக்கும் கிரிசியோஃபுல்வின் என்ற மருந்து 1939இலேயே ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. விழுங்கினால் படர்தாமரை குணமாகும் என்று தெரியவர 1958 ஆயிற்று. அதையும் வாரக்கணக்கில் விழுங்க வேண்டும். நம் ஆட்களுக்குப் பிடிக்காதது அதுதான்.

இன்று எக்ஸ்ரேயின் இடத்தில் ஒரு டியூப் இருக்கிறது. குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்த களிம்பு. இடுப்பில் தடவிய இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். சிவந்து தடித்த வளையத்தின் ஓரம் மங்கும். ஸ்டீராய்டு அடக்கியது உடம்பின் எதிர்ப்பை. பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். களிம்பை நிறுத்தினால் முன்னைவிடப் பெரிய வட்டம். விடாமல் தடவினால் தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். 2018இல் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டுக்குக் கட்டுப்படுத்தியது. சீட்டு கேட்கும் கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதற்கிடையே டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் மசியாத ஒரு பூஞ்சை இங்கே வேரூன்றிவிட்டது. 2020இல் அதற்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரும் வைத்தாயிற்று. 2023இல் நியூயார்க்கில் அது கண்டறியப்பட்ட இரு பெண்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர்.

தோல் மருத்துவர்கள் இன்று சொல்வது பழைய பாடம்தான்: வட்டம் மறைந்த பிறகும் மருந்தை நிறுத்தாதே, வீட்டில் யாருக்கெல்லாம் அரிக்கிறதோ அவர்களையும் சேர்த்துக் கூட்டிவா, துண்டைத் தனியாக வை.