பி.காம்.காரனுக்கு லினக்ஸ் எதுக்கு?

"லினக்ஸெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு, நமக்கு டேலி போதும்பா." காரைக்கால்ல என் வகுப்புத் தோழர்களின் நிரந்தர வசனம் இது.

பக்கத்துல தமிழ்நாட்டுல 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுத்தாங்க. எத்தனை பேர் திறந்து பார்த்தாங்க?

விண்டோஸ் போயிடும்னு பயமா? விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதுக்குள்ள உபுண்டுவுக்கு 4 ஜிபி ராம், 25 ஜிபி இடம் ஒதுக்குங்க. அந்த வட்டு முழுக்க உங்க கணினிக்கு வெறும் ஒரு கோப்புதான். பிடிக்கலைன்னா அழிச்சிடுங்க, டேலி அப்படியே இருக்கும்.

உள்ளே க்னூகேஷ் போட்டு, அதே பற்று, வரவை எழுதிப் பாருங்க. தடுமாறினா, நாம படிச்சது கணக்கியல் இல்லை நண்பர்களே, ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும்தான்!